தரிசு, வட்டம், நூற்றிருபது கல்

ஆடிக்காற்று முக்காலியை இரண்டு தடவை சாய்த்துவிட்டது.
மூன்றாவது தடவை அதன் காலுக்குப் பாறை முட்டுக் கொடுத்தேன்.
தோவாளை தாலுகா ஆபீஸில் சொன்னது இவ்வளவுதான்:
முப்பந்தலுக்குத் தெற்கே
நாலு கிலோமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம்.

இருபத்திரண்டு வருஷ சர்வேயர் வேலையில்
வட்டம் அளந்ததில்லை நான்.
நிலம் என்றால் மூலை இருக்கும்,
மூலைக்கு ஒரு கல்,
கல்லுக்கு ஒரு வழக்கு.
இதற்கு மூலையே கிடையாது.

வடக்கே போகப்போக முட்டையாக நீளுமாம்.
பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால்
நமக்கு வட்டம் என்றார் இன்ஜினியர்,
ஏதோ நாம் சம்பாதித்தது போல.
மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில்
தகடு விரித்து வெயிலைப் பிடித்து
கண்ணுக்குத் தெரியாத கற்றையாய் இங்கே இறக்குவார்கள்,
கீழே வலைக்கம்பி கட்டி ஏந்திக்கொள்வார்கள்.

“அப்ப ராத்திரியும் வெயிலாக்கும்?”
ஆட்டுக்கார இசக்கியப்பன் கேட்டான்.
“கம்பிக்கு அடியில புல்லு மொளைக்குமா, அதச் சொல்லும்.”
முளைக்கும்.
வரைபடத்தில் ஆடுகூடப் போட்டிருந்தது.

சமுதாயக் கூடத்தில் கருத்துக்கேட்பு.
போன தேர்தலில் கல்லெறிந்துகொண்ட இரண்டு கட்சியும்
ஒரே மேடையில், ஒரே குத்துவிளக்கில்.
காற்று அணைக்க, அணைக்க,
மாறி மாறிக் கைகுவித்து ஏற்றினார்கள்.
உலகம் திரும்பிப் பார்க்கும் என்றது ஒரு துண்டு.
மூவாயிரம் வேலை என்றது இன்னொரு துண்டு.
பட்டாளம் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை.
மூன்றாம் வரிசையில்
அரைக்கைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை,
தோவாளைப் பூமாலை வேண்டாம் என்று கைகாட்டிய ஒருவர்
நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.
ஆலோசகர் என்றார்கள்.

இனயத்திலிருந்து வந்த பிரிஸ்கா மைக்கை வாங்கினாள்.
“அந்தப் புயலு ராத்திரி
எங்க ஆளுவளத் தேட
கடலுல ஒரு வெட்டம் இறக்கச் சொல்லிக் கெஞ்சினோம்.
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரு ஒங்களுக்கு இப்பத் தூரமில்ல.
எழுபது கடல்மைல் அன்னைக்குத் தூரமா இருந்து.”

கூட்டக் குறிப்பில் பதிவானது:
ஒரு பெண்மணி மின்விளக்கு வசதி கோரினார்.

மறுநாள் காலை ஆலோசகர் வட்டத்துக்குள் வந்தார்.
ஷூவில் செம்மண் ஏறுவதைப் பார்க்கவில்லை.
ஒரே கேள்விதான்.
“கற்றையைத் திருப்ப எவ்வளவு நேரமாகும்?”
“எங்கே, சார்?”
“எங்கே வேண்டுமானாலும்.”
வினாடிகள் என்றார் இன்ஜினியர்.
பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய குரல்.
ஆலோசகர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.
ஏற்கெனவே தெரிந்தவர் அப்படித்தான் தலையாட்டுவார்.

நான் கோபப்பட்டிருக்கலாம்.
ஆனால் என் அக்காள் மகன் ஜெபின்
பனிமலைக் காவலரணுக்கு மண்ணெண்ணெய் டின் சுமந்து
இடதுகாலில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தவன்.
டின்னே வேண்டாம், மேலிருந்து கரன்ட் இறங்கும் என்றால்
அவன் என்ன சொல்வான்?
ராத்திரி போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
“விரலு போகாது மாமா, செரிதான்.
ஆனா ஸ்விட்ச் ஆருக்க கையில?”

வட்டத்தை நூற்றிருபது நேர்கோடாக உடைத்து
கல் நட்டேன்.
சர்க்காருக்கு வளைவு தெரியாது,
கோணம் போட்டால்தான் கையெழுத்து.
படிவத்தில் ‘நிலத்தின் பயன்’ என்று ஒரு கட்டம்:
நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு.
இன்ஜினியரின் பிரதியில் மின் உற்பத்தி.
ஆலோசகரின் பிரதியில் ஒரு தாள் கூடுதல்,
அதை ஊசி குத்தி மடித்திருந்தது.
நான் தரிசு என்று எழுதினேன்.

சாயங்காலம் இசக்கியப்பனின் ஆடுகள்
எல்லையைத் தாண்டி உள்ளே போயின,
பிறகு வெளியே,
பிறகு உள்ளே.

நாற்பத்தொன்றாம் கல் மட்டும் ஆடுகிறது.
அடியில் பாறை.
நாளைக்கு அரை மூட்டை சிமென்ட் கொண்டுபோகணும்.